பேடில் போர்டு (தண்ணீரில் நின்றபடி துடுப்புப் போடும் பலகை) ரிப்பேருக்குக் கொடுத்து மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

ஈசிஆர்_வாசி:
ரெண்டு வருஷம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. கோவளத்தில் கரையேறும்போது அலை தூக்கிக் கல்லில் அடித்து, வால் பக்கம் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. காற்றடிக்கிற வகை இல்லை, கெட்டியான ஹார்ட் போர்டுதான். பக்கத்தில் மீன்பிடி ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் அண்ணன் ஒருவர் இருந்தார். "இதெல்லாம் ஒரு வேலையா தம்பி, வெச்சுட்டுப் போ" என்றார். நான் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். ரெசினில் ஹார்ட்னரைக் கலந்து ஊற்றினார். குபீரென்று நெடி. ஊற்றியது உள்ளே இறங்கிக் காணாமல் போனது. இன்னும் கொஞ்சம் ஊற்றினார், அதுவும் போனது. விரலை விட்டுப் பார்த்தார். முழு விரலும் இறங்கியது, அடியில் எதுவும் தட்டவில்லை. "இன்னா தம்பி, உள்ள தெர்மாகோலா? முதல்லயே சொல்லக் கூடாதா?" எனக்கே தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் காசும் வாங்கவில்லை.

பாலவாக்கம்_காலை:
இதற்குத்தான் காற்றடிக்கிற போர்டு வாங்கு என்பது. ஆனால் என் கதையும் லேசுப்பட்டதில்லை. முட்டுக்காட்டில் பாதி வழியில் போர்டு தொய்ந்து, முழங்கால் நனைய வந்து சேர்ந்தேன். நேரே பஞ்சர் கடை. அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், என் பத்தடி போர்டைப் பார்த்தார். "சார், இது டியூப் இல்ல, மெத்தை." அப்புறம் சோப்புத் தண்ணீரைத் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, சொல்யூஷன் போட்டு ஒட்டினார். மறு வாரம் பம்பில் காற்றழுத்தம் 12 பிஎஸ்ஐ தாண்டியதும் அந்த ஒட்டு ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளம்பியது, கல்லிலிருந்து தோசை எழும்புகிற மாதிரி. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

ரெசின்_பைத்தியம்:
எனக்கும் ஒரு தடவை வால்வு போயிருக்கிறது, அதை விடுங்கள். ரெண்டு பேரும் செய்தது தப்பு. படகுக்கு ஊற்றுவது பாலியெஸ்டர் ரெசின். அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். எபாக்சி என்கிற வேறு வகை ரெசின் கரைக்காது. அண்ணனைக் குறை சொல்லாதீர்கள், அவர் படகுக்கு அதுதான் சரி. எபாக்சி போடுவதற்கு முன்னாலும் ஓட்டையைக் கீழ்நோக்கி வைத்து நிழலில் நாள்கணக்கில் காயவிட வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் போர்டு கனமாகவே இருக்கும். காற்றுப் போர்டு பிவிசி. ரப்பர் டியூபுக்கான சொல்யூஷன் அதில் நிற்காது. காற்றை முழுக்க இறக்கி, அசிட்டோனால் துடைத்து, பிவிசி பசையை ஒட்டிலும் போர்டிலும் ரெண்டு கோட்டு தடவி, கையில் பிசுபிசுக்கும் பதத்தில் ஒட்டி, பூரிக்கட்டையால் உருட்ட வேண்டும். ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். 24 மணி நேரம் பம்பைத் தொடாதீர்கள். மழை நாளில் ஒட்டவே ஒட்டாதீர்கள், ஈரக்காற்றில் பசை பிடிக்காது. சோப்புத் தண்ணீர் தடவும்போது வால்விலிருந்து நுரை வந்தால் ஒட்டே வேண்டாம். மணல் சிக்கியிருக்கும், இல்லையென்றால் வால்வு சாவியால் ஒரு திருகு. மே மாத வெயிலில் முழுக் காற்றோடு விட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கரையேறியதும் கொஞ்சம் காற்றை இறக்குங்கள், நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள்.

பாலவாக்கம்_காலை:
லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் போர்டைக் கழுவினால் அம்மா என்னைக் கழுவி ஊற்றுவார். அந்த இட்லி ஆள் நானில்லை.

ஈசிஆர்_வாசி:
ரெசின் ரகசியம் இப்போது தெரிந்து என்ன செய்ய? போன ஞாயிறு அந்த வழியாகப் போனபோது அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, அந்தத் தெர்மாகோல் பலகை இன்னா ஆச்சு?" சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கிறது.