சாயம் போடாத படத்துக்கு ஒரு சொல்

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இன்னும் உட்காரவில்லை. திசுவை அகச்சிவப்பு நுண்ணோக்கியில் வைத்து, புள்ளி புள்ளியாக நிறமாலை எடுத்து, புரதம் எங்கே, கொழுப்பு எங்கே என்று படமாக்குகிறோமே, அதற்கு. நான் 'வேதிப்படம்' என்றுதான் கரும்பலகையில் எழுதினேன். திரையில் சிவப்பும் பச்சையுமாகப் பார்த்த மாணவி, "என்ன சாயம் சார் போட்டாங்க?" என்று கேட்டாள். சாயமே போடாததுதான் இந்த முறையின் உயிர்! புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோக்கும் அமைடு பிணைப்பு, அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 1650 பக்கம் அதிர்கிறது. அந்த அதிர்வுதான் அடையாளம். நிறமெல்லாம் கணினி பூசியது. ஆகவே 'அதிர்வுப் படிமம்' என்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து:
அண்ணே, அதிர்வு சரி. 'படிமம்' வடமொழிப் பிரதிமாவிலிருந்து வந்தது, வேண்டாம். 'அதிர்வுக் கோலம்' என்போம். புள்ளி வைத்த பிறகுதானே வடிவம் தெரிகிறது? நிறமாலையையும் மாற்றுங்கள். அகச்சிவப்பில் கண்ணுக்கு ஏது நிறம்? 'அலைமாலை' பொருந்தும்.

காரைக்குடியிலிருந்து:
தொல்காப்பியப் பாயிரமே 'படிமையோனே' என்றுதான் முடிகிறது. உரையில் அதற்குத் தவவேடம் என்று பொருள். வேடம் என்றால் கோலம். அப்படிப் பார்த்தால் நம் இரண்டு சொல்லும் பங்காளிகள்தான். படிமம் 'படி' என்ற தமிழ் வேரிலிருந்தே வந்தது என்பாரும் உண்டு. ஆனால் கோலம் என்றால் பிள்ளைகள் வாசலைத்தான் நினைப்பார்கள். நிறமாலை பள்ளிப் புத்தகத்தில் படித்த சொல், அதில் கைவைக்க மாட்டேன்.

கானாடுகாத்தானிலிருந்து:
'அதிர்வுப் படிமம்' என்றால் வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் நினைவு வராதா? காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் (ஆங்கிலச் சுருக்கம் 'சிக்ரி') பெயர்ப்பலகையில் 'மின்வேதியியல்' என்று எழுதினாலும் பஸ்ஸில் 'சிக்ரி ஸ்டாப்' என்றுதான் கேட்டு இறங்குகிறோம். அகச்சிவப்புக்கு 'ஐஆர் இமேஜிங்', ராமன் முறைக்கு 'ராமன் இமேஜிங்' என்றே விடுங்கள், புரியும்.

காரைக்குடியிலிருந்து:
புரியும், ஆனால் இரண்டும் உறவு என்பது தெரியாதே. அகச்சிவப்பில் மூலக்கூறு ஒளியை உறிஞ்சுகிறது. 1928இல் ராமன் கண்டதில் ஒளி சிதறுகிறது. தண்ணீர் அவ்வளவாகக் குறுக்கிடாததால் ஈரமான செல்லையும் அப்படியே பார்க்கலாம். இரண்டிலும் பேசுவது அதிர்வுதான். ஸ்கேன் குழப்பம் உண்மை. 'மூலக்கூறு அதிர்வுப் படிமம்' என்று முதல் தடவை முழுதாகச் சொல்லி, அப்புறம் சுருக்குகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து:
நீளம்தான். சரி, போடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:
அச்சுக்கு அனுப்புங்கள் அண்ணே. என் வகுப்பில் நான் கோலம் என்றே நடத்துவேன்.