கோயில்ல அரிசிப் பை குடுக்குறோம், வாங்க வேண்டிய பாட்டி இப்ப பூசைக்கே வர்றதில்ல. என்ன பண்றது?

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர், வயசு 26, எங்க கத்தோலிக்க கோயில் பங்குல அன்பியம் (பக்கத்து பக்கத்து குடும்பங்க சேர்ந்து ஜெபிக்கிற குழு) பொறுப்பு போன வருஷம்தான் என் கைக்கு வந்துச்சு, அனுபவம் கம்மி அதனால கேக்குறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறுச்சுல்ல, அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் டேம்ல தொறந்த தண்ணி தென்பெண்ணைல வந்து எங்க பக்கம் நிறைய வீட்டுக்குள்ள பூந்துடுச்சு. அப்ப கோயில் மண்டபத்துல அடுப்பு வச்சு மூணு வேளையும் சமைச்சோம், யாரு எந்த மதம் எந்த தெருன்னு ஒருத்தரும் கேக்கல, பூசைக்கு வராத பசங்க கூட ராத்திரி ரெண்டு மணிக்கு வெங்காயம் உரிச்சாங்க.

தண்ணி வடிஞ்சப்புறமும் உதவிய நிறுத்த வேணாம்னு 14 குடும்பத்துக்கு மாசம் ஒரு பை குடுக்குறோம், 10 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய். முதல் ஞாயிறு ரெண்டாம் பூசை முடிஞ்சதும் பீடத்துக்கு முன்னால மைக்ல பேர் கூப்புட்டு குடுத்து, போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்ல போடுவோம், பணம் குடுத்தவங்க பாக்கணும்ல. இதுல தனியா இருக்குற ஒரு பாட்டி மூணு மாசம் வாங்குனாங்க, அப்புறம் வரல. உடம்பு முடியலன்னு நினைச்சோம். இப்ப பூசைக்கே வர்றதில்ல, முதல் பெஞ்சுல உக்காந்து ஜெபமாலை ஆரம்பிச்சு வைக்கிறவங்களே அவங்கதான். எங்கம்மா மஞ்சக்குப்பம் மார்க்கெட்ல பாத்து கேட்டதுக்கு "என் பேர மைக்ல கூப்புடுறாங்கடி, என் சம்பந்தி வீட்டு ஆளுங்க அந்த குரூப்ல இருக்காங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு போயிட்டாங்களாம். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. அரிசிய குடுத்துட்டு அவங்க கோயில எடுத்துட்டோம்.

போட்டோ வேணாம்னு சொன்னா பங்குப் பேரவைல (கோயில் நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்ற குழு) பெரியவங்க, மறைவா குடுத்தா கணக்குல சந்தேகம் வரும், வேண்டியவங்களுக்கே குடுக்குறாங்கன்னு பேச்சு வரும்னு சொல்றாங்க. அவங்க சொல்றதும் தப்பில்ல, முன்ன ஒரு தடவ அப்படி பேச்சு வந்து சண்டையே ஆயிருக்கு. உங்க பங்குல, சபைல எப்படி பண்றீங்க?

புதுவை வின்சென்ட்காரர்:
தம்பி, நான் ஏழைங்களுக்கு உதவுற வின்சென்ட் தே பவுல் சபைல 22 வருஷமா இருக்கேன். 1833ல பாரிஸ்ல ஃப்ரெடரிக் ஓசானாம்னு 20 வயசு காலேஜ் மாணவர் கூட்டாளிங்களோட சேர்ந்து ஆரம்பிச்சது, உன்ன விட சின்ன வயசு பாத்துக்க. அவங்களுக்கு ஏழைங்க வீட்டுக்கு எப்படி போகணும்னு சொல்லிக்குடுத்தது ரோசலி ரெந்துங்குற சிஸ்டர். இன்னிக்கும் எங்க வேலையோட உயிரே வீடு சந்திப்புதான், ரெண்டு ரெண்டு பேரா போவோம், யாரையும் கோயிலுக்கு வரவழைச்சு குடுக்க மாட்டோம்.

போனா மொதல்ல உக்காரணும். வாசல்ல நின்னு பைய நீட்டிட்டு திரும்புறது போஸ்ட்மேன் வேலை. அவங்க தண்ணி குடுத்தா வாங்கி குடி, காப்பி போடட்டுமான்னு கேட்டா வேணாம்னு சொல்லாத, அவங்க வீட்ல நீ விருந்தாளி. பேச்சு அதுவா வரும். எனக்கு தெரிஞ்ச ஒரு வீட்ல ஆறு மாசம் அரிசி குடுத்துட்டு இருந்தோம், ஒரு நாள் சாவகாசமா உக்காந்து பேசுனப்பதான் தெரியுது அந்தம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்க காசில்ல, அரிசிய பக்கத்து வீட்ல பாதி விலைக்கு குடுத்துட்டு மாத்திரை வாங்கிருக்காங்க. நாங்க கேக்கவே இல்ல, அது எங்க தப்பு. கடலூர்ல ரேஷன்ல அரிசி இலவசமா வருது, அப்புறம் நீங்களும் 10 கிலோ அரிசியே குடுத்தா எப்படி? இங்க புதுச்சேரில ரேஷன் கடை பல வருஷம் மூடிக் கெடந்தப்ப அரிசி பெரிய உதவி, அங்க கதை வேற. பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வருதான்னு மொதல்ல பாரு, தமிழ்நாட்ல அத 2023ல 1,200 ஆக்குனாங்க. வரலன்னா ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எடுத்துக்கிட்டு இ-சேவை மையத்துக்கு நீயே கூட போ. உன்னோட ஒரு அரை நாள் லீவு அவங்களுக்கு மாசாமாசம் வர்ற வருமானம்.

இன்னொண்ணு, எங்க கூட்டத்துல ஒரு பை சுத்தி வரும், எல்லாரும் மூடுன கைய உள்ள விட்டு எடுக்கணும். போட காசில்லாதவரும் கைய விடுவாரு. யாரு எவ்ளோ போட்டாங்கன்னு பக்கத்துல உக்காந்திருக்கவனுக்கே தெரியாது.

குவைத் கடலூரான்:
போட்டோ கேக்குற ஆளுல நானும் ஒருத்தன், அதனால சொல்றேன். எங்க ஊர் கோயிலுக்கு மாசம் அனுப்புறேன், இங்க 45 டிகிரி வெயில்ல சம்பாதிக்கிற காசு, போய் சேந்துச்சான்னு மனசு அடிச்சுக்கும், அதுக்குத்தான் போட்டோ கேட்டேன், யாரையும் அவமானப்படுத்தணும்னு இல்ல சத்தியமா. இந்த பாட்டி கதைய படிச்சதும் எங்க ஆயா ஞாபகம் வந்து ரொம்ப கஷ்டமா போச்சு. தம்பி, எனக்கு மூஞ்சி வேணாம், கணக்கு போதும். எத்தன குடும்பம், எந்த கடைல எவ்ளோவுக்கு சாமான், பில்லு, மிச்சம் எவ்ளோ, ரெண்டு பேர் கையெழுத்து, ஃபாதர் கையெழுத்து. அத கோயில் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, குரூப்ல அந்த தாள மட்டும் போடுங்க. பேரவைல சந்தேகப்படுறவங்களுக்கும் அதுதான் பதில், ஏன்னா போட்டோவுல பை தெரியும், பில்லு தெரியாது.

கம்மியம்பேட்டை அம்மா:
நாங்க ஆற்காடு லுத்தரன் திருச்சபை, உங்க பூசை முறை வேற எங்க ஆராதனை வேற, ஆனா இது எல்லா வீட்டுக்கும் பொதுவான விஷயம். எங்கம்மா அடுப்பு பக்கத்துல ஒரு சின்ன பானை வச்சிருப்பாங்க, ஒவ்வொரு தடவ உலை வைக்கும்போதும் அளந்த அரிசில இருந்து ஒரு பிடி எடுத்து அதுல போட்டுட்டுதான் மிச்சத்த கழுவுவாங்க, ஞாயித்துக்கிழமை அத பையில கட்டிட்டு போய் கோயில்ல கொட்டுவாங்க. பிடி அரிசி காணிக்கை. எங்க வீட்ல கஞ்சி காச்சுன நாள்லயும் அந்த ஒரு பிடி நிக்கல. யாரு வீட்டு அரிசின்னு தெரியாம எல்லாம் ஒரே கூடைல கலந்துடும், பொன்னியும் ரேஷன் அரிசியும் சேந்தே கெடக்கும், தேவைப்படுறவங்களுக்கு அதுல இருந்துதான் போகும். அப்ப வாங்குறவங்களும் போட்டவங்கதான்.

சுனாமி அப்ப, 2004 டிசம்பர் 26, அதுவும் ஞாயித்துக்கிழமைதான், அதுக்கு அப்புறம் வந்த நாள்ல ரோட்டோரம் பழைய துணி மலை மாதிரி கெடந்துச்சு, யாரும் தொடல. அனுப்புனவங்களுக்கு நல்ல மனசுதான். ஆனா நேத்து வரைக்கும் சொந்த படகுல போய் மீன் புடிச்சு வித்தவங்க கிழிஞ்ச சட்டைய கைநீட்டி வாங்குவாங்களா? நான் தேவனாம்பட்டினத்துல கூட நின்னு பாத்தேன், அத இன்னும் மறக்க முடியல.

மறைக்கல்வி வாத்தியார்:
பேரவைல பேசுறதுக்கு பைபிள்ல திருத்தூதர் பணிகள் 6ம் அதிகாரம் எடுத்துட்டு போங்க தம்பி. முதல் சபையிலயே இதே சண்டைதான், தினசரி பந்தியில கிரேக்க மொழி பேசுற விதவைங்கள கவனிக்கலன்னு முணுமுணுப்பு வந்துச்சு. திருத்தூதர்கள் வாய மூடுங்கன்னு சொல்லல, பந்திய நிறுத்தவும் இல்ல, நீங்களே ஏழு பேர தேர்ந்தெடுங்கன்னு சொன்னாங்க. அந்த ஏழு பேர வரிசையா படிச்சு பாருங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா, எல்லாம் கிரேக்கப் பேரு. கொற சொன்னவங்க பக்கத்து ஆளுங்க கையிலயே பரிமாறுற பொறுப்ப குடுத்திருக்காங்கன்னுதான் நான் பசங்களுக்கு சொல்லுவேன். உங்க குழுல வாங்குற குடும்பத்துல இருந்து எத்தன பேர் இருக்காங்க? ஒருத்தர் கூட இல்லன்னா அத மொதல்ல சரி பண்ணுங்க, போட்டோ பிரச்சினை பாதி அங்கயே தீரும்.

கெடிலக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரம் கழிச்சு வந்து எழுதுறேன் மன்னிச்சுக்கங்க. வாத்தியார் ஐயா கேட்ட கேள்விக்கு பதில், ஒருத்தர் கூட இல்ல. எங்களுக்கு அது தோணவே இல்ல.

போன புதன்கிழமை சாயங்காலம் நானும் இன்னொரு அக்காவும் பாட்டி வீட்டுக்கு போனோம், பை எதுவும் எடுத்துட்டு போகல. மொதல்ல கதவ பாதிதான் தொறந்தாங்க. நான் "தப்பு பண்ணிட்டோம் பாட்டி"ன்னு சொன்னேன், அவங்க ஒண்ணும் சொல்லாம உள்ள போய் ரெண்டு டம்ளர்ல காப்பி கொண்டாந்தாங்க, வின்சென்ட் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து வாங்கி குடிச்சேன். ஒரு மணி நேரம் பேசுனாங்க. அவங்க வீட்டுக்காரர் இருந்தப்ப மாதா கெபி (குகை மாதிரி கட்டி மாதா சிலை வச்ச இடம்) திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஒரு மூட்டை அரிசி இவங்க வீட்ல இருந்துதான் போகுமாம், இது எங்க யாருக்குமே தெரியாது. 2011 தானே புயல்ல பண்ருட்டி பக்கம் இருந்த முந்திரித் தோப்பு மொத்தமா சாஞ்சுடுச்சு, அதோட எல்லாம் போச்சாம். உதவித்தொகை வருது. கண்ணுல பொறை, ஆபரேஷனுக்கு கூட வர ஆளில்லன்னுதான் தள்ளிப்போட்டிருக்காங்க. அரிசியே வேணாமாம்.

எங்க குழுவுக்கு வர்றீங்களான்னு கேட்டேன். எந்த வீட்ல அடுப்பு எரியலன்னு எனக்கு தெரியும்டா, உனக்கு தெரியாதுன்னு சொன்னாங்க. பேரவைல கணக்குத் தாள் மட்டும் ஒட்டுறதுக்கு ஒத்துக்கிட்டாங்க, பிடி அரிசிக்கு மாதா கெபி பக்கத்துல ஒரு பானை வைக்கப் போறோம், மைக்ல பேர் கூப்புடுறது நின்னுடுச்சு. ஒரு பெரியவருக்கு மட்டும் இன்னும் மனசு ஒப்பல, அவர்கிட்ட தனியா பேசணும்.

பாட்டிய திங்கக்கிழமை காலைல கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறேன். ஆபரேஷன் ஆனா எத்தன நாள் கூட ஆள் இருக்கணும், அடுப்பு பக்கம் போகக் கூடாதாமே, அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க, வீட்டு சாப்பாட்டுக்கு அன்பியத்துல முறை போடணும்.