‘மெலாகா’ என்ற எபிரேயச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்?

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், அறிஞர்களின் அறமொழிகள் அடங்கிய அவோத் பகுதியை எபிரேயத்திலிருந்து நேரடியாகத் தமிழாக்குகிறேன். முதல் அதிகாரம், பத்தாம் வாக்கியத்தில் மூன்று வாரமாக நிற்கிறேன். “மெலாகாவை நேசி, ஆளும் பதவியை வெறு” என்கிறார் ஷெமாயா என்ற யூத அறிஞர்.

வேலைக்கு எபிரேயத்தில் முக்கியமாக இரண்டு சொற்கள். எகிப்தில் பட்ட அடிமைப்பாடு, நிலத்தில் உழைப்பது, ஆலய வழிபாடு மூன்றுக்குமே அவோதாதான். அதற்குப் ‘பணி’ என்று முடிவு செய்துவிட்டேன். பணிதலும் திருப்பணியும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

மாட்டிக்கொண்டது மெலாகாவில். ஒன்றை ஆக்குகிற, மாற்றுகிற வேலை அது. ஆதியாகமம் 2:2-இல் கடவுள் முடித்து ஓய்ந்தது அதிலிருந்துதான். ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 வேலைகளும் மெலாகாதான். வீட்டுக்குள் கனமான நாற்காலியை நகர்த்தினால் மெலாகா ஆகாது. இரண்டே எழுத்து எழுதினால் ஆகிவிடும். வியர்வை இங்கே அளவுகோலே இல்லை. வாசகருக்கு இது புரியாமல் போனால் ஷெமாயா வெறும் ‘சோம்பாதே’ என்று சொன்னதாகிவிடும்.

‘வேலை’ போட்டுப் பார்த்தேன், அவோதாவோடு கலந்துவிடுகிறது. ‘தொழில்’ இன்று வியாபாரமாகத்தான் காதில் விழுகிறது. ‘வினை’ என்றால் கர்மம் வந்து ஏறிக்கொள்கிறது. தமிழ் வேதாகமம் யாத்திராகமம் 20:9-இல் ‘கிரியை’ என்கிறது. சைவ வாசகருக்கு, அதுவும் ஈழத்தில், அது சடங்கு. ‘கைவினை’ அழகாக இருக்கிறது, ஆனால் விதைப்பதும் அறுப்பதும் அந்த 39-இல் உண்டே! எபிரேயச் சொல்லையே விட்டு அடிக்குறிப்பு போட்டேன், வாக்கியம் செத்துப்போகிறது.

ஆதியாகமம், 39 வேலைகள், ஷெமாயா ஆகிய மூன்று இடத்திலும் மாறாமல் நிற்கக்கூடிய ஒரே தமிழ்ச் சொல் எது?