மறு: எஸ்எஸ்டிக்குத் தமிழ்ச்சொல் – ‘திண்மகம்’ என் பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி (சாலிட் ஸ்டேட் டிரைவ்) கருவிக்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்துள்ள பரிந்துரைகள் மூன்று: திட வட்டு, திண்மநிலை இயக்கி, சில்லகம். மூன்றையும் நான் எழுதிவரும் கட்டுரையில் வைத்துப் பார்த்தேன். வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) நிறுவனங்கள் எஸ்எஸ்டி சந்தைக்குள் நுழைந்த கதை அது. அகராதியில் தனித்து நிற்கும்போது எந்தச் சொல்லும் பொருந்துவதாகவே தோன்றும். வன்தட்டும் எஸ்எஸ்டியும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே வரும்போதுதான் சொல்லின் பலம் தெரியும்.

முதலில் திட வட்டு. ‘2009 டிசம்பரில் சீகேட் தனது முதல் திட வட்டான பல்சரை அறிவித்தது’ என்று எழுதிப் பார்த்தேன். 1980 முதல் வட்டு செய்துவரும் நிறுவனம் இன்னொரு வட்டைச் செய்தது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். செய்தியின் உயிரே போய்விடுகிறது. பல்சருக்குள் வட்டே கிடையாது என்பதுதானே செய்தி!

இரண்டரை அங்குல வன்தட்டு ஒன்றைத் திறந்தால் பளபளக்கும் தட்டு, அதைச் சுழற்றும் மோட்டார், தட்டைத் தொடாமல் மயிரிழையைவிட மிகக் குறைந்த உயரத்தில் மிதந்து படிக்கும் முனை ஆகியவை தெரியும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றாலும், வேண்டிய இடம் முனைக்கு அடியில் சுழன்று வருவதற்கே சராசரியாக 4 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அதே அளவுள்ள எஸ்எஸ்டியைத் திறந்தால் ஒரு மின்சுற்றுப் பலகை, அதன்மேல் வரிசையாக நினைவகச் சில்லுகள், அவற்றை ஆளும் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு. அசைகிற பாகம் ஒன்றும் இல்லை. மேலும், ‘திட’ என்ற அடைமொழி இங்கே எதைப் பிரித்துக் காட்டுகிறது? வன்தட்டில் இருப்பதும் அலுமினியமோ கண்ணாடியோதான், அதுவும் திடப்பொருளே. ‘சாலிட் ஸ்டேட்’ வெற்றிடக் குழாய்களின் காலத்திலிருந்து வந்த பெயர். குழாய்க்குள் வெற்றிடத்தில் ஓடிய எலக்ட்ரான், டிரான்சிஸ்டரில் திண்மப் படிகத்துக்குள் ஓடியது. அந்த வேறுபாட்டைச் சொல்ல எழுந்த சொல்லைக் கெட்டித்தன்மை என்று எடுத்துக்கொண்டால் பிழையாகிவிடும்.

அடுத்து, இயக்கி. ‘டிரைவர்’ என்னும் மென்பொருளுக்கு இயக்கி என்பதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘திண்மநிலை இயக்கிக்கான இயக்கியை நிறுவுக’ என்று ஒரு கையேட்டில் வந்தால் பயனர் என்ன செய்வார்? ஆங்கிலத்தில் ‘டிரைவ்’ ஒட்டிக்கொண்டதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. வன்தட்டு இருந்த அதே இடத்தில், கணினியோடு சேமிப்புக் கருவியை இணைக்கும் அதே சாட்டா இணைப்பில் பொருந்தும்படி எஸ்எஸ்டியை விற்றார்கள். கணினியும் அதை வன்தட்டாகவே நடத்தியது. எஸ்எஸ்டியின் சில்லுகளில் உள்ள ஃபிளாஷ் என்னும் வகை நினைவகத்தில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்த பிறகே எழுத முடியும். அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் தேய்மானமும் உண்டு. இதையெல்லாம் கட்டுப்பாட்டுச் சில்லு உள்ளேயே சமாளித்து, கணினிக்கு ஒழுங்கான வட்டுப் பிரிவுகளைப் போலக் காட்டுகிறது. வட்டாக நடிப்பதால் வட்டின் பெயரையே ஆங்கிலம் கொடுத்தது. அந்தக் கட்டாயம் நமக்கு இல்லை.

அந்த நிறுவனங்களின் வரலாறும் இதையே சொல்கிறது. வன்தட்டு நிறுவனங்களின் திறமை முழுவதும் தட்டிலும் முனையிலும் மோட்டாரிலும் இருந்தது. ஃபிளாஷ் சில்லு செய்யும் ஆலைகளோ சாம்சங், தோஷிபா, இன்டெல்–மைக்ரான் கூட்டணி ஆகியோர் கையில் இருந்தன. ஃபிளாஷ், வன்தட்டு இரண்டையும் செய்த தோஷிபா, சாம்சங் போன்றோருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் வாங்கியும் கூட்டுச் சேர்ந்தும்தான் நுழைய முடிந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2009 மார்ச்சில் சிலிக்கான்சிஸ்டம்ஸ் நிறுவனத்தை 65 மில்லியன் டாலருக்கு வாங்கி, மறு ஆண்டு சிலிக்கான்எட்ஜ் புளூவை வெளியிட்டது. ஹிட்டாச்சி, இன்டெலுடன் கைகோத்தது. சீகேட் தன் எஸ்எஸ்டியை வெளியிடும் முன்பே, 2008இல், எஸ்டெக் என்ற எஸ்எஸ்டி நிறுவனத்தின் மீது காப்புரிமை வழக்குப் போட்டு மறு ஆண்டே விலக்கிக்கொண்டது. 2013இல் எஸ்டெக் போய்ச் சேர்ந்த இடம் வெஸ்டர்ன் டிஜிட்டல்! பழைய தொழிலில் ஒரு சிறு மாற்றமாக இருந்திருந்தால் இத்தனை பாடு தேவைப்பட்டிருக்காது. ஆகவே தமிழ்ப் பெயரும் வட்டின் கிளைச்சொல்லாக இல்லாமல் தனித்து நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சில்லகம் எனக்கு மிகவும் பிடித்தது. சுருக்கம், ஓசை இரண்டும் உண்டு. ஆனால் இலங்கைத் தமிழில் சில்லு என்றால் சக்கரம். சுழலும் பாகமே இல்லாத கருவிக்கு, நம் வாசகர்களில் ஒரு பெரும் பகுதியினர் சக்கரம் என்று படிக்கும் பெயரை வைக்கக் கூடாது. மனமில்லாமல்தான் விலக்குகிறேன்.

என் பரிந்துரை: திண்மகம். திண்மம் என்பது தமிழகம், இலங்கை என இரு கரையிலும் பள்ளிப் பாடத்தில் உள்ள சொல். திண்மநிலை இயற்பியலோடும் உறவு விடாது. நினைவகம் போல ‘அகம்’ சேர்ந்து, தரவு உறையும் இடம் என்ற பொருளைத் தருகிறது. சேமிப்பு என்ற பொருள் வெளிப்படையாக இல்லையே என்று கேட்பீர்கள். முதல் முறை ‘திண்மநிலைச் சேமிப்பகம்’ என்று விரித்து எழுதி, பிறகு திண்மகம் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

கலப்பு வகைக்கும் இது வழிவிடுகிறது. 2010இல் சீகேட் வெளியிட்ட மொமென்டஸ் எக்ஸ்டியில் 500 ஜிபி தட்டும் 4 ஜிபி ஃபிளாஷும் ஒரே கூட்டில் இருந்தன. அதில் தட்டுதான் முதன்மை. ‘கலப்பு வன்தட்டு’ என்றால் போதும். இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘வன்தட்டு நிறுவனங்கள் முதலில் கலப்பு வன்தட்டிலும் திண்மகத்திலும் ஒரே சமயத்தில் கால் வைத்தன.’ மூன்றும் ஒன்றோடொன்று குழம்பவில்லை.

இலங்கையில் கணினிப் பாடம் நடத்தும் நண்பர்கள், திண்மகம் என்ற சொல்லோ அதை ஒத்த சொல்லோ அங்குள்ள பாடநூல்களில் வேறு பொருளில் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன். அப்படி வருமானால் விரிந்த வடிவத்தையே முதன்மைச் சொல்லாகக் கொள்வோம்.