பைத்தான்: மாற்றிய ரேட்டில் ஒன்றை மட்டும் பழையபடி கொண்டுவருவது எப்படி?

பீன்யா_தமிழ்:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு லேத் பட்டறைக்காக, கொட்டேஷன் போடும் நிரலைப் பைத்தானில் எழுதுகிறேன். ஈஎன்8 என்ற எஃகுக் கம்பியின் கிலோ விலை, லேத் மணி ரேட், சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரம்) மணி ரேட், கரண்ட், ஸ்கிராப் எல்லாம் சாவி, மதிப்பு என்ற ஜோடிகளாக ஒரு டிக்‌ஷனரிக்குள் இன்னொரு டிக்‌ஷனரி என்று இருக்கின்றன. முதலாளி கஸ்டமரோடு போனில் பேசிக்கொண்டே, "சிஎன்சியில ஐம்பது குறை... கம்பியில ரெண்டு ரூபா ஏத்து... இப்ப மொத்தம் எவ்வளவு? சரி, சிஎன்சியைப் பழைய ரேட்டுக்கே வை, கம்பி அப்படியே இருக்கட்டும்" என்பார். காப்பி() எடுத்து வைத்தால் உள்ளே இருக்கும் சிஎன்சி ரேட் நகலிலும் சேர்ந்தே மாறிவிடுகிறது. டீப்காப்பி எடுத்து அதற்குத் திரும்பினால் கம்பி விலையும் பழையதாகிவிடுகிறது. நடுவில் செய்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுக்க வழி உண்டா?

அல்சூர்_அக்கா:
உண்டு தம்பி. காப்பி() மேல் டிக்‌ஷனரியை மட்டும்தான் புதிதாக உண்டாக்கும். உள்ளே இருப்பவை இரண்டுக்கும் பொது. டீப்காப்பி அடி வரை நகலெடுக்கும், ஆனால் எது எப்போது மாறியது என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும்.

அதற்குக் கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் செயின்மேப் இருக்கிறது, பைத்தான் 3.3 முதல். பல டிக்‌ஷனரிகளை வரிசையாகக் கொடுத்தால் ஒன்றுபோல நடந்துகொள்ளும். படிக்கும்போது முதலாவதில் தேடும், இல்லாவிட்டால் அடுத்ததில். எழுதுவது மட்டும் எப்போதும் முதலாவதில்தான். அசல் ரேட்டுகளைக் கடைசியில் வையுங்கள். முதலாளி ஒன்று சொல்லும்போதெல்லாம் நியூ_சைல்ட்() அழைத்து, கிடைக்கும் புது அடுக்கில் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எழுதுங்கள். சிஎன்சி குறைப்பு வேண்டாம் என்றால் மேப்ஸ் என்ற பட்டியலிலிருந்து அந்த அடுக்கை உருவி விடலாம், அந்தப் பட்டியலில் கை வைக்கப் பைத்தானே அனுமதிக்கிறது. கம்பி விலை தன் அடுக்கில் அப்படியே இருக்கும்.

ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனம். செயின்மேப் மேல்மட்டச் சாவியைத்தான் பார்க்கும். ரேட்['சிஎன்சி']['மணி'] என்று உள்ளே போய் எழுதினால் அசலே மாறிவிடும். அதனால் உள் டிக்‌ஷனரிகளைக் கலைத்துவிட்டு ('சிஎன்சி', 'மணி') என்ற டூப்பிளையே (மாற்ற முடியாத ஜோடி) சாவியாக்குங்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. பரவாயில்லை, பணக் கணக்கில் அசல் கெடக் கூடாது. அப்புறம், மொத்தத்தை எங்கேயும் சேமிக்காதீர்கள், கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடுங்கள். சேமித்தால் ரேட் திரும்பிவிடும், மொத்தம் திரும்பாது, கஸ்டமரிடம் தப்பான தொகை போய்விடும்.

நிரல்_பித்தன்:
யார், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்பதும் பதிவாக வேண்டுமானால், சொந்தமாக ஒரு வகுப்பு அமைத்து, சாவிக்கு மதிப்பு வைக்கும்போது ஓடும் __செட்ஐட்டம்__ஐ நீங்களே எழுதி, பழைய மதிப்பைக் குறித்துக்கொண்டு புதியதை வைக்கலாம். அந்த வகுப்பைப் பைத்தானின் டிக்ட் வகுப்பிலிருந்து நீட்டிக்க வேண்டாம். அதன் அப்டேட்() நீங்கள் எழுதிய __செட்ஐட்டம்__ஐ அழைக்காது, மாற்றம் பதிவே ஆகாமல் நழுவிவிடும். செயின்மேப் இருக்கும் அதே மாட்யூலில் உள்ள யூசர்டிக்டிலிருந்து நீட்டித்தால் அப்டேட்டும் உங்கள் வழியாகவே போகும். சாவி முன்பு இல்லவே இல்லை என்பதைக் குறிக்க, 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் நன் போடாதீர்கள், நன் ஒரு மதிப்பாகவே இருந்திருக்கலாம். தனியாக ஓர் ஆப்ஜெக்ட்() உருவாக்கி அதை அடையாளமாக வையுங்கள்.

ப்ரோலாக்_பழசு:
ப்ரோலாக் என்ற தர்க்க நிரல் மொழியில், இப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது மொழிக்குள்ளேயே இருக்கிறது. அதை இயக்க டேவிட் வாரன் 1983-இல் வடிவமைத்த கருத்தளவிலான இயந்திரத்தில் டிரெயில் என்று ஓர் அடுக்கு உண்டு. ஒரு வழி தோற்றுப் பின்வாங்கினால், அதில் குறித்துள்ள மாறிகளை எல்லாம் மறுபடி வெற்றாக்கிவிடும். மாறி முன்பு வெற்றாகத்தான் இருந்தது என்பதால் எந்த மாறி என்று மட்டும் குறித்தால் போதும். நமக்குப் பழைய மதிப்பும் வேண்டும். ஆனால் அங்கேயும் திரையில் அச்சிட்டது திரும்பாது. அதனால் முதலாளி "சரி, அனுப்பு" என்று சொல்லும் வரை கொட்டேஷன் மெயில் போகாதபடி எழுதிவிடுங்கள்.

பீன்யா_தமிழ்:
அக்கா, டூப்பிள் சாவியோடு செயின்மேப் அருமையாக வேலை செய்கிறது. சிஎன்சியை இரண்டு தடவை மாற்றிவிட்டு முதல் அடுக்கை எடுத்தால் மொத்தம் அசையவே இல்லையே?

அல்சூர்_அக்கா:
அசையாது. இரண்டாவது அடுக்கு மேலே நின்று மறைக்கிறது. அடுக்கில் 450 என்று முடிந்த ரேட்டை எழுதாமல் -50 என்று வித்தியாசத்தை எழுதி, படிக்கும்போது எல்லா அடுக்கையும் கூட்டுங்கள். அப்போது எதை எடுத்தாலும் அந்த ஐம்பது மட்டும் போகும். கூட்டும் வேலையைச் செயின்மேப் செய்யாது, அந்த நான்கு வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.