கிங்டம் கம் விளையாட்டை அவசரப்படாமல் ஆடுகிறவர்கள் இருக்கிறீர்களா?

கோத்தகிரி_மூடுபனி:
2018-இல் வந்த 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' கம்ப்யூட்டர் விளையாட்டின் முதல் பாகத்தை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். 1403-ஆம் வருடத்துப் பொஹீமியா (இன்றைய செக் நாட்டுப் பகுதி), ஹென்றி என்கிற கொல்லன் மகன், மந்திரமும் இல்லை டிராகனும் இல்லை. பையில் இருக்கும் சாப்பாடு கெட்டுப்போகிறது, உடுப்பு அழுக்காக இருந்தால் ஊரில் யாரும் மதிப்பதில்லை, முகம் மூடிய தலைக்கவசம் போட்டால் ஒரு கீற்று வழியாகத்தான் பார்க்க முடிகிறது. எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் நண்பர்கள், குதிரையில் போவதையே பார்த்துக்கொண்டிருந்தால் கதை எப்போது நகரும், வரைபடத்தில் ஊரைத் தேர்ந்தெடுத்து நேரே போய்ச் சேர்கிற வேகப்பயணத்தைப் பயன்படுத்து, இந்த விளையாட்டு நினைத்தபோது சேவ் செய்ய விடாது, அதற்கு வழிசெய்கிற மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் மென்பொருள்) ஒன்றைப் போடு என்கிறார்கள். இரண்டும் இல்லாமல் கடைசிவரை ஆடியவர்கள் உண்டா? பாதியில் அலுத்துவிடுமா?

பழனிமலை_நடை:
நான் ஆடியிருக்கிறேன், அலுக்கவில்லை. ஹென்றிக்கு முதலில் எழுதப் படிக்கத் தெரியாது, புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் குழம்பித்தான் தெரியும். உஷிட்ஸ் ஊரில் இருக்கும் எழுத்தரிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட பிறகு, அதே பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகிறது பாருங்கள், அந்த சந்தோஷத்தை எந்த வாள்சண்டையும் எனக்குத் தந்ததில்லை. சாசாவ் மடத்தில் புதுத் துறவியாக உள்ளே போய், மணி அடித்தால் ஜெபம், சாப்பாடு, வேலை என்று அவர்கள் நேரப்படி வாழ வேண்டிய கட்டம் ஒன்று வரும். நிறையப் பேர் திட்டுவது அதைத்தான். எனக்கு முழு விளையாட்டிலும் பிடித்த பகுதி அது. வேகப்பயணம் வேண்டாம் தம்பி. எங்கள் பக்கம் வெள்ளகவிப் பாதையில் நடந்து பாருங்கள், ஓடையையும் சரிவையும் வைத்தே வழி பிடிபடும். ஹார்ட்கோர் என்கிற கடினமான முறையில் வரைபடம் நாம் நிற்கும் இடத்தைக் காட்டாது, அப்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

குன்னூர்_இரவுப்பணி:
வேகப்பயணம் பற்றிச் சொன்னது சரி, சேவ் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் ஒரு மணி நேர ஆட்டம் அப்படியே போய்விடும். யுபிஎஸ் இல்லாதவர் மாட் போடுவதில் தப்பே இல்லை. அதற்கு முன் விளையாட்டில் மருந்து காய்ச்சுகிற ரசவாத மேசையை ஒருமுறை முயன்று பாருங்கள். சேவியர் ஷ்னாப்ஸ் என்கிற பானத்தை ஹென்றி குடித்தால் சேவ் ஆகும், அதை நாமே காய்ச்சலாம்: ஒயின், நம் ஊர் வேலியோரம் நிற்கிற செந்தட்டி மாதிரி ஒரு சுணைச்செடி, பெல்லடோனா என்கிற நச்சுச்செடி. துருத்தி அழுத்தி, மணற்கடிகாரம் திருப்பி, உரலில் இடித்துப் போட வேண்டும். சத்திரத்தில் அறை எடுத்துத் தூங்கினாலும் சேவ் ஆகிவிடும்.

கோத்தகிரி_மூடுபனி:
ரொம்ப நன்றி அண்ணா. வீட்டில் யுபிஎஸ் இருக்கிறது, அதனால் மாட் போடவில்லை. இரண்டாம் பாகமும் இதே நிதானம்தானா?

ஊட்டி_பட்டறை:
ஆமாம், 2025 பிப்ரவரியில் வந்தது. அதில் கொல்லுப்பட்டறை வேலையே செய்யலாம். இரும்பைக் காய்ச்சி, நிறம் பார்த்து எடுத்து, ஒரே இடத்தில் அடிக்காமல் நீளம் முழுக்கச் சுத்தியலை நகர்த்த வேண்டும். தாளம் சரியாக விழுந்தால் ஹென்றி விசிலடிப்பான். நம் மலையில் படகருக்கும் தோடருக்கும் இரும்புச் சாமான் அடித்துக் கொடுத்தவர்கள் கோத்தர்கள், அந்த வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எனக்கு இதை ஆடும்போதுதான் உறைத்தது. வாங்குவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பாருங்கள், குறைந்தது 16 ஜிபி ராம் கேட்கும், எஸ்எஸ்டியில் 100 ஜிபி இடமும் வேண்டும்.