சாலையோர எருக்கில் இரண்டு விதம். இதில் வெள்ளெருக்கு எது?

ராதாபுரத்துக்காரி:
வள்ளியூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வழியில் இரண்டு விதமான எருக்கு நிற்கிறது. ஒன்றில் வெளிர் ஊதாப் பூ, இதழ் நன்றாக விரிந்து பின்னால் மடிந்திருக்கிறது. இன்னொன்றில் இதழ்கள் நிமிர்ந்து கிண்ணம் மாதிரி நிற்கின்றன. வெள்ளைதான், ஆனால் நுனியில் மட்டும் அடர் ஊதா. பிள்ளையார் சதுர்த்திக்கு அம்மா வெள்ளெருக்கு மாலை கேட்கிறார்கள். இரண்டாவதைப் பறிக்கலாமா?

திசையன்விளை தேரி:
எங்கள் பக்கமும் ரெண்டும் உண்டு தங்கச்சி. ஆடு ரெண்டையுமே சீண்டாது. அதற்கு மேல் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, டீச்சர் வரட்டும்.

பாளையங்கோட்டை டீச்சர்:
அது வேறு இனம் அம்மா. தாவரவியலில் கலோட்ராபிஸ் புரோசெரா. ஊதாப் பூ பூப்பது கலோட்ராபிஸ் ஜைஜான்டியா. பிள்ளையாருக்குச் சாத்துகிற வெள்ளெருக்கு இந்த ஜைஜான்டியாவிலேயே வெள்ளையாகப் பூப்பதுதான். இதழ் விரிந்தே இருக்கும், நுனியில் ஊதா இருக்காது.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். என் மாணவிகளை நான் முதலில் மொட்டைத்தான் பார்க்கச் சொல்வேன். ஜைஜான்டியாவின் மொட்டு அடி பருத்து நுனி கூம்பும், புரோசெராவின் மொட்டு உருண்டை. அப்புறம் பூ நடுவே உள்ள மகுடத்தைப் பாருங்கள். ஜைஜான்டியாவில் மகுட மடல்கள் நடுவிலுள்ள ஐங்கோணத் தலையை எட்டாமல் கீழேயே நின்றுவிடும். புரோசெராவில் அதன் உயரத்துக்கு வந்துவிடும், சில பூக்களில் தாண்டியும் நிற்கும். காய்த்திருந்தால் இன்னும் சுலபம்: புரோசெரா காய் பெரிதாக, காற்றடைத்த பை போல உப்பியிருக்கும்.

ஜைஜான்டியாவுக்கு லின்னேயஸ் 1753இலேயே பெயர் வைத்துவிட்டார், புரோசெராவுக்கு 1789இல்தான் பெயர் வந்தது. புரோசெரா ஆப்பிரிக்கா, அரேபியா தொடங்கி இந்தியா வரை வறண்ட மண்ணில் வளர்வது. ராதாபுரம் பக்கத்து மண் அதற்கு நன்றாகவே ஒத்துப்போகும். இரண்டின் இலையையும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் தின்னும். புழு இருக்கும் கிளையை விட்டுவிடுங்கள், பாவம்.

ராதாபுரத்துக்காரி:
மொட்டு உருண்டைதான் டீச்சர். குளத்தங்கரையில் இன்னொரு செடி பார்த்தேன். பூ முழு வெள்ளை, இதழ் மடிந்திருக்கிறது, மொட்டு கூம்பி இருக்கிறது.

பாளையங்கோட்டை டீச்சர்:
சரி, அதுதான் வெள்ளெருக்கு. ஆனால் பால் விஷயத்தில் கவனம். இரண்டு இனத்தின் பாலுமே கண்ணில் பட்டால் ஆபத்து. வலி தெரியாமலேயே பார்வை மங்கும், அதனால் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மாலை கட்டி முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள். சின்னப் பிள்ளைகளைப் பறிக்க அனுப்பவே வேண்டாம்.